குப்புராஜ் ஓடிய நூறு நாள் தண்டல்

சேலையூர் கேம்ப் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த குப்புராஜ், எல்லம்மாவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். எல்லம்மா வேறு யாருமில்லை, அவர் தாலி கட்டிய மனைவிதான். கடன் வாங்கியது எண்பத்தொன்றாம் வருஷம். எண்பத்தொன்பதிலும் அதில் ஒரு பைசா குறையவில்லை.

கடன் வந்த வழி இது. அப்போது எல்லம்மா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தாள். கல்லும் கலவையும் சுமந்து சேர்த்த காசோடு, காதில் கிடந்த கம்மலையும் விற்றுப் புருஷன் கையில் கொடுத்தாள். அதில் நாலு பழைய சைக்கிள் வந்தது. அந்த நாலை மணிக்கு எட்டணா வாடகைக்கு விட்டு, பஞ்சர் ஒட்டி, பண்டிகை நாளிலும் கடையைத் திறந்து வைத்து, எட்டு வருஷத்தில் முப்பத்தொன்று ஆக்கினார் குப்புராஜ். சும்மா சொல்லக்கூடாது, லேசுப்பட்ட காரியமில்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர் செய்த காரியம். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் அவர் எதிரில் கைகட்டி நின்று, அரை மணி நேர வாடகையைத் தள்ளிவிடச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.

கடை வாசலில் ஆறடிக்கு ஒரு போர்டு. 'குப்புராஜ் சைக்கிள் மார்ட்' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே நீலத்தில், 'சொந்த உழைப்பில் உயர்ந்தது' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு மட்டும் பெயிண்டர் தனியாகப் பதினைந்து ரூபாய் வாங்கினான். கடைக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "ஒருத்தன்கிட்ட கை நீட்டினதில்ல சார்" என்பார் குப்புராஜ். எல்லம்மா பக்கத்தில் இருந்தால் சோற்றுத் தூக்கின் மூடியை ஒரு தரம் 'ணங்' என்று வைப்பாள்.

அவள் பணத்தைக் கேட்காமலில்லை. கேட்டால், "புருசன் பொண்டாட்டிக்குள்ள இன்னாமே கணக்கு?" என்று சிரித்து மழுப்பிவிடுவார். உள்ளே விஷயம் வேறு. திருப்பிக் கொடுத்தால், வாங்கியது ஊர்ஜிதமாகிவிடும். நீல எழுத்து வரி பொய்யாகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சித்தாள் வேலையை விட்ட பிறகு எல்லம்மாவின் தொழிலே கடன் கொடுப்பதுதான். தண்டல். தொண்ணூறு ரூபாய் கொடுப்பாள், தினம் ஒரு ரூபாயாக நூறு நாள் வசூலிப்பாள். தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் பூக்காரி, கீரைக்காரி, இட்லிக்காரி எல்லாரிடமும் அவளுடைய மஞ்சள் அட்டை இருந்தது. அட்டையில் நூறு கட்டம். காசு வாங்கியதும் அன்றைய கட்டத்தில், எச்சில் பட்டால் அழியாமல் ஊதாவாக எழுதும் காப்பியிங் பென்சிலால் 'எ' என்று ஒரு எழுத்துப் போடுவாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு எழுத்துதான். அதை வைத்து ஏழு வருஷமாகத் தொழில் நடத்தினாள். அவளிடம் அட்டை வாங்கியவர்களில் ஒருத்தர்கூடப் பாதியில் நின்றதில்லை. அவளுக்கு வராத கடன் அந்த ரோட்டிலேயே ஒன்றுதான். அது வீட்டுக்குள் பாய் போட்டுப் படுத்திருந்தது.

செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள், தேவானந்தம் மாஸ்டர் கடைக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். பொங்கல் கழிந்து வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பந்தயம். சேலையூரிலிருந்து சிறுசேரி வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கிறவர்களுக்கெல்லாம் சர்டிபிகேட்.

"குப்புராஜ், முதல் பரிசா நீங்க ஒரு சைக்கிள் குடுத்தா நல்லா இருக்கும்" என்றார் மாஸ்டர்.

"குடுக்கறேன் சார். ஆனா நானே ஓடி ஜெயிச்சுட்டா, என் சைக்கிள நானே வாங்கிக்கணுமா?"

பஞ்சருக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு குப்புராஜுக்குப் பிடிக்கவில்லை. வயது நாற்பத்திரண்டு. தொப்பை கொஞ்சம் உண்டு. அதற்காகச் சிரிப்பதா?

"எழுதிக்குங்க சார் என் பேர" என்று நுழைவுக் கட்டணம் பத்து ரூபாயை எடுத்து நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துச் சோற்றுத் தூக்கோடு எல்லம்மா வந்து நின்றாள். "எங்க ஓடப் போற?"

"சிறுசேரி."

"ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் ஓடிட்டு வா, அப்பால பேசு. நீ எதத்தான் முடிச்சிருக்க? ஆர்மோனியம் கத்துக்கப் போன, ஒரு மாசம். பீடிய வுட்டுட்டேன்ன, ஒரு வாரம். பின்கட்டு சுவரு இடுப்பு உசரத்துல நிக்குது. அஞ்சு வருசமா கோழிதான் ஏறி உக்காருது."

மறுபடியும் சிரிப்பு. குப்புராஜ் முகம் சிவந்தது. "முடிச்சுட்டா இன்னா தருவ?"

எல்லம்மா யோசிக்கவே இல்லை. "என் ஆயிரத்து எரநூற தள்ளிடறேன். ஆனா முடிக்கலேன்னா, அன்னிக்கே சிறுசேரியில எல்லார் முன்னாலயும் எண்ணி வெக்கணும். அப்பால போர்டுல அந்த நீல வரிய அழிச்சுட்டு, 'எல்லம்மா காசுல வந்தது'ன்னு எழுதணும். சரியா?"

மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா ஆயிரத்து எரநூறு?" என்றான் ஒருவன். குப்புராஜ் அவசரமாக, "சரி, சரி, போமே" என்று தூக்கை வாங்கி உள்ளே வைத்தார்.

அடுத்த நாள் விடிகாலை ஐந்து மணிக்கு ஓட்டம் ஆரம்பமானது. முதல் நாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நாலு நாய் கூடவே வந்தது. டீக்கடையிலிருந்து ஒருவன், "அண்ணே, எவன்னா சைக்கிள தூக்கிகினு போயிட்டானா?" என்று கத்தினான். ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேருவதற்குள் வாந்தி வந்தது. ஆனாலும் விடவில்லை. காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கினார். வாடகை நோட்டில் தன்னையே முப்பத்திரண்டாம் நம்பர் சைக்கிளாக எழுதினார்: 'குப்புராஜ். எடுத்தது ஐந்து மணி. விட்டது ஆறு பத்து.' பதினைந்து நாள் இந்தக் கணக்கு ஒழுங்காக நடந்தது. சேலையூரில் அவர் வாயால் இதைக் கேட்காத ஆளில்லை.

பதினாறாம் நாள் முழங்கால் வலி. பதினேழாம் நாள் தூறல். பதினெட்டாம் நாள் வலியுமில்லை, தூறலுமில்லை. எழுந்திருக்க மனசில்லை, அவ்வளவுதான். பந்தயம் இன்னும் மூன்று மாதத்துக்கு அப்பால் இருந்தது. சிறுசேரி ஏதோ வெளிநாடு மாதிரித் தெரிந்தது. ஆனால் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே. ஷூவை மாட்டிக்கொண்டு நேரே ராஜகீழ்ப்பாக்கம் டீக்கடைக்குப் போனார். பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு போண்டா தின்று, ஒரு பீடியைப் பற்றவைத்தார். கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வேர்த்து வந்தவர் மாதிரி வந்து நோட்டில் எழுதினார்: 'விட்டது ஆறு முப்பது.' நாலு நாள் இப்படி ஓடியது.

ஐந்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லம்மா கேட்டாள். "இன்னிக்கு எதுவரைக்கும் போன?"

"மேடவாக்கம்."

"ஞானாம்பாள் உன்ன ஒரு நாளுகூட பாக்கலயாமே?"

ஞானாம்பாள் மேடவாக்கம் கூட்டு ரோட்டில் கீரை விற்பவள். எல்லம்மாவின் அட்டைக்காரி. காலை நாலரைக்கே வந்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். குப்புராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தன் மனைவிக்குக் கண்ணும் காதும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

எல்லம்மா திட்டவில்லை. எழுந்து போய், டிரங்குப் பெட்டியிலிருந்து புது மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளையிலேர்ந்து எண்ணினா பந்தயத்தோட கரீட்டா நூறு நாள் கீது. தெனம் ஒரு கட்டம். நான் போட மாட்டேன். வழியில கீறவங்க போடுவாங்க. போனாத்தான் கையெழுத்து."

"நான் இன்னா உங்கிட்ட தண்டலா வாங்கிகீறேன்?"

"எட்டு வருசமா."

குப்புராஜ் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞானாம்பாள் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. கீரை வேர் மண்ணில் கட்டைவிரலைத் தோய்த்து முதல் கட்டத்தில் ஒரு குத்துக் குத்தினாள். "இன்னா கடைக்காரரே, ஏழு மணிக்கு மேல வந்தா வட்டி உண்டு. ஒரு கட்டு கீர வாங்கிகினு போவணும்" என்றாள்.

"இது எந்த ஊரு சட்டம்?"

"அக்கா சட்டம்."

முதல் மாதம் முக்கால்வாசி நாள் அவர் ஏழு மணிக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தார். வீட்டில் தினம் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை. எல்லம்மா மூச்சு விடாமல் கடைந்து போட்டாள். குப்புராஜும் மூச்சு விடாமல் தின்றார். நாற்பதாம் நாள் வாக்கில் கீரை நின்றது. ஆறரைக்கே போய் நிற்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த அட்டையில் என்ன மாயம் இருந்ததோ. இருபத்திரண்டு கிலோமீட்டரை நினைத்தால் அவருக்குப் பாயை விட்டு எழ மனசு வராது. ஒரு கட்டத்தை நினைத்தால் எழுந்துவிடுவார். இன்றைக்கு ஒன்று, அவ்வளவுதானே. நவம்பர் மழையில் செம்பாக்கம் ஏரி தளும்பி, ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளில் அவர் படுத்துத்தான் கிடந்தார். ஆனால் சட்டைப் பையிலிருந்து அட்டை எட்டிப் பார்த்தது. முப்பத்தெட்டு கட்டம் வரிசையாக நிரம்பியிருக்க, அடுத்தது காலியாக நின்றால் முன்பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். "தூ" என்று எழுந்து, அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மேடவாக்கத்தில் ஞானாம்பாள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு அவருக்காகவே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளிடம் ஒரு கட்டுக் கீரைகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தூரம் கூடியது. பெரும்பாக்கத்துச் சதுப்பு நிலத்தைத் தாண்டி, கொக்கும் நாரையும் பார்த்துக்கொண்டிருக்க ஓடி, சோழிங்கநல்லூர் போய்ச் சேருவார். அங்கே ரத்தினபாய் இட்லிக் கடை. ரத்தினபாய்க்கு எழுதத் தெரியும். தன் முழுப் பெயரையும் கட்டத்துக்குள் எறும்பு எழுத்தில் எழுதி, மேலே ஒரு சின்னச் சிலுவையும் போடுவாள்.

"முதல்ல ரெண்டு இட்லி குடும்மா" என்பார் குப்புராஜ்.

"முதல்ல அட்டைய எடுங்க அண்ணா. இட்லி தின்ன பஸ்ஸுலயும் வரலாம்."

பீடி எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. பெரும்பாக்கம் மேட்டில் ஒரு நாள் மூச்சு இழுத்தது. அன்றைக்குப் பையிலிருந்த கட்டைத் தூக்கிச் சதுப்பில் எறிந்தார். அதற்குப் பிறகு வாங்கத் தோன்றவில்லை. தொப்பை போய், காக்கி அரைக்கால் சட்டைக்குச் சணல் கயிறு கட்ட வேண்டியதாயிற்று.

எழுபத்திரண்டாம் நாள் ஒரு சந்தேகம் வந்தது. ராத்திரி காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஏமே, நான் முடிச்சா உனக்குத்தானே ஆயிரத்து எரநூறு போவுது? நீயே அட்டையக் குடுத்து ஓட வெக்கிறியே, பைத்தியமா உனக்கு?"

எல்லம்மா அன்றைய வசூல் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பணம் போனா போவுது. எங்கிட்ட அட்டை வாங்கினவங்க எவளும் பாதியில நின்னதில்ல. பூக்காரி நிக்கல, கீரக்காரி நிக்கல. என் புருசன் நின்னான்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு அவங்க கிட்ட போயி காசு கேப்பேன்?"

குப்புராஜ் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, அடுத்த காலையும் தேய்க்க ஆரம்பித்தார்.

பந்தய நாள் வந்தது. நாற்பத்தாறு பேர் கேம்ப் ரோடு முனையில் நின்றார்கள். பாதிப் பேர் காலேஜ் பையன்கள். குப்புராஜின் அரைக்கால் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் தொண்ணூற்றொன்பது கட்டம் நிரம்பிய அட்டை. கூடவே பன்னிரண்டு நூறு ரூபாய் நோட்டு. தோற்றால் அங்கேயே எண்ணி வைப்பதாகப் பேச்சு. 'வீட்டுக்குப் போய்த் தரேன்' என்று நாலு பேர் முன்னால் இழுப்பது அவருக்கு ஆகாது. திரும்பி வரப் பஸ் சார்ஜ் மூன்று ரூபாய் தனியாக.

ஆறு மணிக்குத் தேவானந்தம் மாஸ்டர் விசில் ஊதினார். குப்புராஜ் புத்தி கெட்டுப்போய் முன்னால் பாய்ந்தார். முதல் கிலோமீட்டரில் அவர்தான் முதல். தன் கடையைத் தாண்டும்போது போர்டுக்கு ஒரு சல்யூட்கூட வைத்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் பையன்கள் அவரை ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். "அங்கிள், வண்டிய ஓரங்கட்டுங்க" என்றான் ஒருவன். மேடவாக்கத்தில் ஞானாம்பாள் மண் விரலைத் தூக்கிக் காட்டினாள். சோழிங்கநல்லூரில் ரத்தினபாய் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஒரு சொம்பு நிறையக் கொடுத்து, "இன்னிக்கு கையெழுத்து எனக்கில்ல அண்ணா, ஓடுங்க" என்று முதுகைத் தள்ளிவிட்டாள்.

நாவலூர் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வலது கெண்டைக்கால் திடீரென்று கல்லாக இறுகியது. குப்புராஜ் ரோட்டோரப் புளியமரத்தடியில் சரிந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பின்னாலேயே ஒரு மெட்டாடர் வேன் வந்து நின்றது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வந்த வேன். உள்ளே ஒன்பது பையன்கள் பன் தின்றுகொண்டிருந்தார்கள். அவரை முதலில் தாண்டிப் போனவர்களில் ரெண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

மாஸ்டர் இறங்கி வந்தார். "ஏறுங்க குப்புராஜ். இந்த வயசுல நாவலூர் வரைக்கும் வந்ததே பெரிய விஷயம். ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க."

அதுதான் பொல்லாத வார்த்தை. கேட்க அவ்வளவு இதமாக இருந்தது. வேன் கதவு திறந்திருந்தது. பையில் பணம் தயாராக இருந்தது. எண்ணி வைத்துவிட்டால் தீர்ந்தது. போர்டில் ஒரு வரி அழியும். பெயிண்டர் முப்பது ரூபாய்க்கு வேறு வரி எழுதிவிடுவான். நோட்டை எடுப்பதற்கென்று கவரைப் பிரித்தார். கைக்கு முதலில் வந்தது அட்டை. மண் கட்டைவிரல்களும் சின்னச் சிலுவைகளும் கட்டம் கட்டமாக இறங்கி, கடைசி மூலையில் ஒரே ஒரு காலிக் கட்டம். அதை இந்த வேனில் ஏறிக் கொண்டுபோய் எல்லம்மா கையில் எப்படிக் கொடுப்பது? மத்தியானத்துக்குள் மேடவாக்கம் கீரைக்காரி வரைக்கும் சேதி போய்விடும்.

"மணி இன்னா சார்?"

"எட்டு அஞ்சு. இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கு."

"காலப் புடிச்சு ஒரு இழு இழுங்க."

மாஸ்டர் பாதத்தைப் பிடித்து மடக்கி இழுத்தார். குப்புராஜ் போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கை பறந்தது. எழுந்து நின்றார். நொண்டினார். நொண்டிக்கொண்டே நடந்தார். நடை கொஞ்ச தூரத்தில் வேக நடையானது, வேக நடை ஓட்டம் மாதிரி ஏதோ ஒன்றானது. சவுக்குத் தோப்புகளின் நடுவே வேன் அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை ஊர்வலம் போல ஊர்ந்து வந்தது. பன் தின்ற பையன்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "அங்கிள்! அங்கிள்!" என்று தட்டினார்கள். இப்போது அதில் கேலி இல்லை.

சிறுசேரியில் ரோட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஜெயித்த பையன் பரிசு சைக்கிளில் ரவுண்டு அடித்துக்கொண்டிருந்தான். கோட்டுக்கு அப்பால் காதில் காப்பியிங் பென்சிலைச் செருகிக்கொண்டு எல்லம்மா நின்றாள். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாளாம். எட்டு மணி ஐம்பத்தாறு நிமிஷத்துக்குக் குப்புராஜ் கோட்டுக்கு வந்து சேர்ந்தார். முப்பத்தேழு பேரில் முப்பத்தேழாவது ஆள்.

"கோட்ட தாண்டு" என்றாள் எல்லம்மா. "ஒரு காலு இன்னும் கோட்டு மேலயே கீது."

தாண்டினார். அவள் அட்டையை வாங்கி, பென்சிலை நாக்கில் நனைத்து, நூறாவது கட்டத்தில் 'எ' என்று போட்டாள். "முடிஞ்சுது. ஆயிரத்து எரநூறு தள்ளியாச்சு. போர்டு உன்னுது" என்றாள். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

சுற்றி ஐம்பது அறுபது பேர் பொங்கல் பொட்டலத்தோடு நின்றிருந்தார்கள். மாஸ்டர் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். குப்புராஜ் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் கவரை வெளியே எடுத்தார்.

"கைய நீட்டுமே."

"இன்னாத்துக்கு? அதான் தள்ளிட்டேனே."

"பந்தயம் வேற, கடன் வேற. நீட்டு." பிறகு எல்லாரும் கேட்கிற மாதிரி, போர்டைக் காட்டிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "மாஸ்டர், நீங்களும் கேட்டுக்கோங்க. என் கடையில மொத நாலு சைக்கிளு இவ கம்மல வித்து வந்தது. இவ சித்தாளு வேல செஞ்ச காசு. மீதி இருபத்தேழும் நான் சம்பாரிச்சது. அதுல எவனும் பேச முடியாது."

"அத வுட மாட்டியே" என்று எல்லம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். சுண்ணாம்பு அரித்த பழைய தழும்புகள் அந்த உள்ளங்கையில் இன்னும் இருந்தன.

குப்புராஜ் எண்ணினார். நோட்டெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, உதறி, வாய்விட்டு எண்ணி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பையன்களும் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வைத்த பிறகும் எல்லம்மா கையை மடக்கவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா?"

"எட்டு வருச வட்டி."

குப்புராஜ் பையைத் துழாவினார். பஸ் சார்ஜுக்கு வைத்திருந்த மூன்று ரூபாய் நாணயங்கள் கிடைத்தன. ஈர நோட்டுகளின் மேல், ஒன்று, இரண்டு, மூன்று என்று அவற்றையும் எண்ணி வைத்தார்.